அடைக்கோழி பெட்டியை விட்டு எழ மாட்டேன் என்கிறது, கூண்டிலும் இடப் பிரச்சினை

வேலியோரம்:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கூண்டு வைத்து ஏழு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். முட்டைக்காகத்தான் ஆரம்பித்தது. இப்போது கறுப்புப் பெட்டை ஒன்று அடைக்கு உட்கார்ந்துவிட்டது.

முட்டையிட மூன்று பெட்டிகள் இருக்கின்றன. ஆனால் எல்லாக் கோழிக்கும் அது உட்கார்ந்திருக்கும் மூலைப் பெட்டிதான் வேண்டும். அதன் மேலேயே ஏறி நின்று முட்டையிட்டுவிட்டுப் போகின்றன. மாலையில் கையை விட்டால் உடம்பை உப்ப வைத்துக்கொண்டு உர்ரென்று கத்துகிறது, ஓங்கிக் கொத்துகிறது. அடியில் நாலைந்து முட்டை இருக்கும், ஒன்றாவது உடைந்து மற்றதெல்லாம் பிசுபிசுவென்று கிடக்கும். எடுத்து வெளியில் விட்டால் அவசரமாக ரெண்டு வாய் தின்றுவிட்டு மறுபடியும் அங்கேயே ஓடுகிறது. போதாக்குறைக்கு நேற்றிலிருந்து சிவப்புப் பெட்டை ஒன்றும் பக்கத்துப் பெட்டியில் இரவு தங்க ஆரம்பித்திருக்கிறது.

கூண்டு 6 அடி நீளம், 4 அடி அகலம். வெளியே வலை அடித்த முற்றம் 12க்கு 8 இருக்கும். தூங்குவதற்கு ஒரு கம்பு, தரையிலிருந்து ஒன்றரை அடியில். பெட்டிகள் சுவரில் 2 அடி உயரத்தில். ஒரு ஜன்னல் உண்டு, இரவில் சாக்கு போட்டு மூடிவிடுவேன். காலையில் கதவைத் திறந்தால் கண் எரியும் அளவுக்கு நாற்றம். பெட்டிக்குள் எச்சமும் நிறைய.

என் கேள்விகள்: அடைக்கு விடுவதா, கலைப்பதா? கலைப்பதென்றால் எப்படி? தண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுத்தால் தெளிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. அப்புறம், இந்தக் கூண்டையே பெரிதாக்க வேண்டுமா, அல்லது உள்ளே மாற்றினால் போதுமா?


பஞ்சாரம்:

மனசு வராதது நல்லது தம்பி. முக்காதீர்கள். நனைந்த கோழி நடுங்கும், அடை தெளிந்த மாதிரியும் தெரியும், ஈரம் காய்ந்ததும் நேராகப் பெட்டிக்குத்தான் போகும். குளிர் காற்றில் நனைத்தால் சளி பிடித்து வேறு தொல்லையாகும். மூக்கில் இறகு செருகுவது, காலைக் கட்டி வெயிலில் போடுவது எல்லாம் இதே ரகம். கோழியைப் படுத்துவதைத் தவிர ஒரு பிரயோஜனமும் இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அவள் பிடிவாதத்தால் உட்காரவில்லை. புரோலாக்டின் என்ற சுரப்பி நீர் உடம்பில் ஏறிவிட்டது. அது ஏறினால் முட்டையிடுவது நின்றுவிடும், தீனி குறையும், நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்தத் தோலுக்கு அடியில் வெதுவெதுப்பாக ஏதோ ஒன்று பட்டுக்கொண்டே இருக்கும்வரை புரோலாக்டினும் இறங்காது. முட்டை இருந்தாலும் சரி, வழுவழுப்பான கூழாங்கல் இருந்தாலும் சரி, காலியான வைக்கோலாக இருந்தாலும் சரி. நாள் கணக்கும் அவளுக்குத் தெரியாது. 21 நாளில் குஞ்சு வரவில்லையே என்று எழுந்து போக மாட்டாள், வாரக்கணக்கில் உட்கார்ந்து உடம்பைக் கரைத்துக்கொள்வாள். அதனால்தான் "தானாகத் தெளியட்டும்" என்று விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

ஆக வழி இரண்டுதான். குஞ்சு பொரிக்க வைப்பது, அல்லது இன்றைக்கே கலைக்க ஆரம்பிப்பது. இப்போது உங்கள் வீட்டில் நடப்பது இரண்டுக்கும் நடுவில். அவளும் உட்கார்ந்திருக்கிறாள், முட்டையையும் தினம் எடுக்கிறீர்கள், மற்றவை மேலே ஏறி மிதிக்கின்றன. இதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

பொரிக்க வைக்கலாமா என்று முடிவெடுக்க நான் பார்ப்பது மூன்று விஷயம். சேவல் இருக்கிறதா? உங்களிடம் இருக்கிறது, ஏழு பெட்டைக்கு ஒன்று தாராளம். கோழி உண்மையான அடைதானா? இரவில் கம்புக்குப் போகாமல் ரெண்டு மூன்று நாள் தொடர்ந்து பெட்டியிலேயே இருக்க வேண்டும், எடுத்து விட்டால் நேராகத் திரும்ப வேண்டும், ஒரு நாள் எச்சத்தை மொத்தமாகப் பெரிய உருண்டையாகப் போட வேண்டும் (அந்த நாற்றத்தை ஒரு தரம் முகர்ந்தால் மறக்காது). கறுப்பி மூன்றிலும் தேறிவிடுவாள் போலிருக்கிறது. மூன்றாவது, வரும் குஞ்சுகளில் பாதிக்குப் பாதி சேவலாக இருக்கும். அதற்கு உங்களிடம் இடமும் ஏற்பாடும் உண்டா? பலரும் இதை மட்டும் யோசிப்பதில்லை. குஞ்சு மஞ்சளாக ஓடும்போது எல்லோருக்கும் ஆசையாகத்தான் இருக்கும், ஆறு மாதம் கழித்து நான்கு சேவல்கள் ஒன்றையொன்று கிழிக்கும்போதுதான் கேள்வி வரும்.

பொரிக்க வைப்பதென்றால் அவளை அந்தப் பெட்டியிலிருந்து கிளப்புங்கள். பொதுப் பெட்டியில் அடை வைத்தால் மற்றவை தினமும் புது முட்டை சேர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு முட்டை இன்று பொரியும், ஒன்று ஐந்து நாள் கழித்துப் பொரிய வேண்டியது. முதல் குஞ்சுகள் வெளியே வந்ததும் தாய் எழுந்து அவற்றோடு போய்விடுவாள், பின்னால் வந்த முட்டைகளெல்லாம் உள்ளே உயிரோடு குளிர்ந்து சாகும்.

தனி இடம் தயார் செய்யுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், அவள் எழுந்து நின்று திரும்ப முடிந்தால் போதும், ஒரு ஓரத்தில் தீனியும் தண்ணீரும். தரையில் மண் பரப்பி நடுவில் லேசாகக் குழித்து மேலே வைக்கோல். இருட்டிய பிறகு தூக்கிக்கொண்டு போய் வையுங்கள், பகலில் மாற்றினால் பழைய இடத்தைத் தேடிக் கத்திக்கொண்டே இருப்பாள். முதலில் அடியில் போலி முட்டை ரெண்டு மூன்று, இல்லையென்றால் வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற முட்டை வையுங்கள். அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் அமைதியாக உட்கார்ந்துவிட்டாள் என்றால் மறுநாள் இரவு நல்ல முட்டைகளை மாற்றி வைக்கலாம்.

முட்டையைப் பற்றி. ஒரு வாரத்துக்குள் இட்டவையாக இருக்கட்டும். அதற்கு மேல் ஆக ஆகப் பொரிப்பது குறையும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தது வேண்டாம், வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில் கூர் முனை கீழே இருக்கும்படி வைத்தது போதும். கழுவக் கூடாது. முட்டை ஓட்டின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது, கழுவினால் அது போய் ஓட்டின் துளைகள் வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். எச்சம் அப்பியது, கீறல் விட்டது, அளவுக்கு மீறிப் பெரியது, குண்டுமணி மாதிரி சிறியது எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். மிச்சத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பின்னால் புது முட்டை ஏதாவது உள்ளே வந்தால் உடனே தெரியும்.

எத்தனை வைப்பது? அவள் உட்கார்ந்தால் ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். நடுத்தர உடம்புக் கோழிக்கு 8 முதல் 10. பேராசைப்பட்டு 14 வைத்தால் ஓரத்து முட்டைகள் குளிரும். அவளோ முட்டைகளை உருட்டி இடம் மாற்றிக்கொண்டே இருப்பவள், இன்று ஓரத்தில் குளிர்ந்தது நாளை நடுவுக்கு வரும், நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகும். கடைசியில் கெடுவது நாலைந்தோடு நிற்காது, மொத்தமும் கெடும்.

சிவப்பியைக் கலைத்துவிடுங்கள். ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் அடை வைத்தால் ஒருத்தி முட்டையை இன்னொருத்தி இழுத்துக்கொள்வாள், குஞ்சு வந்தால் சண்டை. இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள், சீக்கிரம் தெளியும். அடியில் காற்று போகிற மாதிரி கம்பி வலைத் தரை போட்ட கூண்டு ஒன்றைக் கல் வைத்து உயர்த்தி, வெளிச்சமான நிழலில், மற்ற கோழிகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். வைக்கோல், சாக்கு, அட்டை எதுவும் உள்ளே கூடாது. தீனியும் தண்ணீரும் எப்போதும் போல இருக்கட்டும், பட்டினி போட வேண்டாம். அடிவயிறு குளிர்ந்தால் அடை இறங்கும். பெரும்பாலும் 3 முதல் 5 நாள். திறந்து விட்டுப் பாருங்கள், மற்றவற்றோடு மேயப் போனால் தெளிந்துவிட்டது, பெட்டிக்கு ஓடினால் மறுபடியும் உள்ளே. தெளிந்ததும் அன்றைக்கே முட்டையிட மாட்டாள், ரெண்டு வாரமோ கூடவோ ஆகும். அடையில் எத்தனை நாள் இருந்தாளோ அதைப் பொறுத்தது.

கூண்டு விஷயத்தை உளி அண்ணன் சொன்னால் நன்றாக இருக்கும்.


தவிடும் முட்டையும்:

நான் பஞ்சாரம் அக்கா மாதிரி இல்லை, முட்டைக்கு மட்டும் வளர்ப்பவன். என் கணக்கில் அடை என்றாலே நஷ்டம். உட்காரும் நாள், குஞ்சோடு திரியும் வாரங்கள், அதற்கப்புறம் இறகு உதிர்த்தால் அது வேறு, எல்லாம் சேர்த்து ஒரு கோழி மூன்று மாதம் முட்டையில்லாமல் தின்னும். நான் சகுனம் தெரிந்த அன்றே வலைக் கூண்டில் போட்டுவிடுவேன்.

அதைவிட முக்கியம், அடைக்கு வரவிடாமல் பார்ப்பது. பெட்டியில் முட்டை சேரவே கூடாது. கோழிகள் பெரும்பாலும் முற்பகலில் இட்டு முடித்துவிடும், அதனால் காலை ஒரு தரம், நண்பகல் ஒரு தரம் எடுத்துவிட்டு, பிறகு பெட்டிகளின் வாயைப் பலகையால் மூடிவிடுகிறேன். இரவில் படுக்கவும் முடியாது, எச்சமும் விழாது. மறுநாள் விடியும் முன் திறந்தால் போதும். பெட்டிக்குள் மெத்தென்று வைக்கோலைத் திணித்து இருட்டாக வைத்தால் நாமே அழைத்த மாதிரி.

இன்னொன்று, அடுத்த முறை வாங்கும்போது இனத்தைப் பாருங்கள். லெகார்ன் மாதிரி முட்டைக்கென்றே தேர்ந்து வளர்த்த இனங்கள் அபூர்வமாகத்தான் அடைக்கு வரும். சில்கி, கொச்சின் வைத்துக்கொண்டு அடைக்கு வருகிறதே என்று அலுத்துக்கொள்ளக் கூடாது. நாட்டுக்கோழியும் அப்படித்தான்.


உளியும் முழக்கோலும்:

கூப்பிட்டார்கள், வந்துவிட்டேன். கூண்டைப் பெரிதாக்க வேண்டாம். 24 சதுர அடியில் எட்டு உருப்படி என்றால் தலைக்கு 3 சதுர அடி. பகலெல்லாம் முற்றத்தில் இருப்பவைக்கு இது போதும், ஆனால் இதற்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். முற்றம் தலைக்கு 12 வருகிறது, நல்லது. உங்கள் பிரச்சினை உயரத்தில் இருக்கிறது.

கோழி இரவில் இருப்பதிலேயே உயரமான இடத்தைத்தான் தேடும். உங்கள் கம்பு ஒன்றரை அடி, பெட்டி 2 அடி. அப்புறம் எங்கே போய்ப் படுக்கும்? பெட்டியில் எச்சம், அழுக்கு முட்டை, சிவப்புப் பெட்டையின் இரவுத் தங்கல், பாதிக்கு மேல் இந்த அரை அடியால் வந்தது. பெட்டிகளை ஒன்றேகால் அடிக்கு இறக்குங்கள், கம்பை இரண்டரை அடிக்கு ஏற்றுங்கள். கம்புக்கு நேர் கீழே பெட்டி வரக் கூடாது, எதிர்ச்சுவரில் வையுங்கள்.

ஒரு கோழிக்குக் கம்பில் 8 அங்குலம் வேண்டும். எட்டுக்கு ஐந்தேகால் அடி சொச்சம், உங்கள் 6 அடி நீளத்துக்கு ஒரே கம்பு சரியாக இருக்கும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. ரெண்டு அங்குல அகலப் பலகை எடுத்து மேல் விளிம்புகளை இழைத்து உருட்டிவிடுங்கள். மெல்லிய குழாயில் உட்காரவைத்தால் பாதம் புண்ணாகும், உலோகம் குளிரும். ஒரு முக்கியமான விஷயம்: கம்பைச் சுவரில் அறைந்துவிடாதீர்கள். ரெண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய கட்டை வைத்து, தூக்கி எடுக்கிற மாதிரி செய்யுங்கள். ஏன் என்று அக்கா சொல்வார்.

பெட்டி ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு ஓர் அடி, முன்னால் 4 அங்குலத் தடுப்பு, மேல்கூரை நன்றாகச் சரிவாக. தட்டையாக விட்டால் அதன் மேல் ஏறித் தூங்கும். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும், உங்களுக்கு மூன்று இருப்பதே தாராளம். எத்தனை வைத்தாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரிசையில் நிற்கும், அது அவற்றின் குணம்.

கண் எரிகிறது என்றீர்களே, அது அமோனியா. நமக்குக் கதவைத் திறந்தவுடன் எரிகிறது என்றால், இரவு முழுக்கத் தரைப்பக்கம் மூச்சு விட்டவைக்கு எப்படி இருக்கும்? கண்ணும் மூச்சுக்குழலும் கெட்டால் பிறகு சளி நோய் சுலபமாகப் பிடிக்கும். சாக்கைக் கழற்றிவிடுங்கள். குளிர் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் கோழிக்கு இறகுப் போர்வை உண்டு, காய்ந்த குளிரைத் தாங்கும். ஈரமும் நேரடிக் காற்றும்தான் ஆகாது. அதனால் கூரைக்குச் சற்றுக் கீழே, எதிரெதிர் சுவர்களில், நீளவாக்கில் 6 அங்குலத்துக்கு வெட்டி வலை அடியுங்கள். கோழியின் தலைக்கு மேலே காற்று போக வேண்டும், உடம்பில் அடிக்கக் கூடாது. தரையில் மரத்தூளோ உமியோ 4 அங்குலம் போட்டு, நாலு நாளைக்கு ஒரு தரம் கிளறிவிட்டு, ஈரமான இடத்தை மட்டும் அள்ளிப் போடுங்கள். கம்புக்குக் கீழே ஒரு தட்டுப் பலகை வைத்தால் இன்னும் நல்லது. எச்சத்தில் பாதிக்கு மேல் இரவில்தான் விழுகிறது, அதைத் தினமும் சுரண்டி எடுத்துவிட்டால் நாற்றத்துக்கு வேலையே இல்லை.

வலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், திருடன் உள்ளே வராமல் தடுக்காது. கீரி, மரநாய், தெருநாய் எல்லாம் பல்லாலும் நகத்தாலும் பிய்த்துவிடும். கண் பெரிதாக இருந்தால் பாம்பும் எலியும் நேராக உள்ளேயே வரும். தூங்கும் கூண்டுக்காவது அரை அங்குலக் கண் கொண்ட, பற்றவைத்த வலை போடுங்கள். சுற்றிலும் ஓர் அடி வலையைத் தரையோடு வெளிப்பக்கம் மடக்கி, மேலே கல்லை அடுக்கிவிட்டால் தோண்டுகிற ஜாதி சுவரோரத்தில் வந்து முட்டிவிட்டுப் போய்விடும். அதற்கு ரெண்டடி பின்னால் போய்த் தோண்டும் புத்தி வராது. கொக்கி வெறும் கொண்டியாக இருந்தால் மாற்றுங்கள், தூக்கி இழுக்கிற மாதிரி ரெண்டு வேலை வேண்டும்.

கடைசியாக ஒரு யோசனை, காசும் நேரமும் கொஞ்சம் இருந்தால். 3 அடிக்கு இரண்டரை அடியில், 2 அடி உயரத்தில் ஒரு சின்னக் கூண்டு, நாலு கால் வைத்து. தரை வலை. அந்த வலைக்கு மேல் சொருகி எடுக்கிற மாதிரி ஒரு பிளைவுட் பலகை. பலகையை எடுத்தால் அடை கலைக்கும் கூண்டு. சொருகி மண்ணும் வைக்கோலும் போட்டால் அடை வைக்கும் அறை. குஞ்சு வந்தால் தாயும் குஞ்சும் தங்க முதல் வாரத்துக்கு வீடு. எதற்காவது நோய் என்றால் ஒதுக்கி வைக்கும் இடம். புதுக் கோழி வாங்கினால் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்க்கவும் இதுதான். கோழி வளர்ப்பவருக்கு அவசரம் வருவது எப்போதும் இருட்டிய பிறகுதான், அந்த நேரத்தில் அட்டைப்பெட்டி தேடுவதைவிட இது மேல். என்னைக் கேட்டால், பெரிய கூண்டை அரை அடி குறைத்துக்கூட இதைச் செய்வேன்.


வேலியோரம்:

மூன்று பேருக்கும் நன்றி. தவிடு அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, இருந்தாலும் கறுப்பியை ஒரு முறை பொரிக்க விடலாம் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொள்ள ஒருவர் சம்மதித்துவிட்டார். பெட்டியை இறக்கிக் கம்பை ஏற்றிய அன்று இரவே எல்லாம் கம்பில்தான் தூங்கின. சிவப்பி வலைக் கூண்டில் இருக்கிறது, சாபம் விடுகிறது. சின்னக் கூண்டை மரக்கடைத் துண்டுகளை வைத்து அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னும் மூன்று சந்தேகம். மூலைப் பெட்டியில் வைக்கோலை அள்ளும்போது கையில் கடுகைவிடச் சின்னதாக ஏதோ ஊர்ந்தது, சில சாம்பல் நிறம், சில சிவப்பு. பழைய கம்பின் அடிப்பக்க வெடிப்பிலும் இருந்தது. இது என்ன? ரெண்டாவது, அடையில் இருக்கும்போது அது தீனிக்கு எழாவிட்டால் நான் எழுப்ப வேண்டுமா? மூன்றாவது, குஞ்சு வந்த பிறகு மற்ற கோழிகள் கொத்திக் கொன்றுவிடாதா?


பஞ்சாரம்:

அது செல், கோழியின் ரத்தம் குடிக்கும் ஒரு சின்ன உண்ணி. சிவப்பாக இருந்தது ரத்தம் குடித்தது, சாம்பல் நிறம் பசியில் இருப்பது. பகலில் வெடிப்பிலும் மூட்டிலும் ஒளிந்துகொள்ளும், இரவில் ஏறிக் கடிக்கும். கம்பைக் கழற்றுகிற மாதிரி வைக்கச் சொன்னது இதற்குத்தான். மற்ற கோழிகள் காலையில் இறங்கிப் போய் மண்ணில் புரண்டு உதறிவிடும், அடைக்கோழிக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. இரவு பகலாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவளை இது மொய்த்தால் ரத்தம் சுண்டிக் கொண்டை வெளுத்துவிடும். தாங்காமல் அடையைப் போட்டுவிட்டு எழுந்து போனாலும் ஆச்சரியமில்லை, செத்தே போனவையும் உண்டு. நன்றாக உட்கார்ந்த கோழி பாதியில் எழுந்தால் எல்லோரும் கோழியைத் திட்டுவார்கள். நான் முதலில் பெட்டியின் மூட்டைத்தான் பார்ப்பேன்.

ஆகவே செல்லை ஒழிக்காமல் முட்டை வைக்காதீர்கள். பழைய வைக்கோலை எல்லாம் அள்ளி எரித்துவிடுங்கள். கம்பு, பெட்டி, மூட்டு எல்லாவற்றிலும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள், காய்ந்ததும் வெடிப்பெல்லாம் நிரம்பும்படி கெட்டியாகச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரத்தில் அப்படியே இன்னொரு தடவை. முதல் தடவையில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும், ஒரு தடவையோடு விட்டவர்கள்தான் "என்ன செய்தாலும் போகவில்லை" என்பார்கள். கோழி இல்லாவிட்டாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், காலியாகப் போட்டால் போய்விடும் என்று நம்பாதீர்கள். கோழி மேல் போடும் மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆட்டுக்கும் நாய்க்கும் உள்ள மருந்தைக் கோழிக்குத் தெளிக்க வேண்டாம். போகும்போது கறுப்பியின் ஆசனவாய்ப் பக்கம் இறகைப் பிரித்துப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை, அது கோழி மேலேயே வாழும் வேறு ஜாதி. அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள்.

சின்னக் கூண்டு புதிது என்பதால் செல் இருக்காது, அது உங்களுக்கு வசதி.

தீனிக்கு எழுவது: பெரும்பாலும் நாளைக்கு ஒரு தரம் தானாக எழுந்து, தின்று, குடித்து, எச்சம் போட்டு, கொஞ்சம் மண்ணில் புரண்டுவிட்டு ஒரு இருபது நிமிடத்தில் திரும்பிவிடுவாள். முட்டை குளிர்கிறதே என்று பதறாதீர்கள், அந்த நேரத்தை முட்டை தாங்கும். ஒரு நாள் முழுக்க எழவில்லை என்றால் நீங்களே தூக்கி வெளியில் வையுங்கள். தூக்கும்போது ரெண்டு இறக்கைக்கு அடியிலும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே முட்டையை இடுக்கி வைத்திருப்பாள், அப்படியே தூக்கினால் மேலிருந்து விழுந்து உடையும். அடை நாட்களில் முழு தானியம் கொடுங்கள், எச்சம் கெட்டியாக இருக்கும், பெட்டி நாறாது.

ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் முட்டைகளைப் பார்க்கலாம். அகன்ற முனையில் வெளிச்சத்தை வைத்துக் கையால் பொத்துங்கள். கரு பிடித்திருந்தால் ஒரு புள்ளியிலிருந்து சிவப்பு நரம்புகள் கிளைவிட்டுத் தெரியும். ஒன்றுமில்லாமல் தெளிவாக இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது, அதையும் எடுங்கள். விட்டுவைத்தால் அழுகி, உள்ளே வாயு சேர்ந்து, ஒரு நாள் அவள் வயிற்றுக்குக் கீழேயே வெடிக்கும். அந்த நாற்றம் எதிரிக்குக்கூட வேண்டாம். சந்தேகமாக இருப்பதை அடுத்த வாரம் மறுபடி பாருங்கள். 18ஆம் நாளுக்குப் பிறகு கையே வைக்காதீர்கள்.

ஓட்டில் முதல் துளை விழுந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம். இங்கேதான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். உரிக்க வேண்டாம். உள்ளே மஞ்சள் கருவின் மிச்சத்தையும் ரத்தத்தையும் அது உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கும் நேரம், நாம் உரித்தால் ரத்தம் ஒழுகிச் சாகும். அந்த மஞ்சள் கரு இருப்பதால்தான் பொரித்த குஞ்சு ரெண்டு நாள் தீனி இல்லாமலே தாய்க்கு அடியில் கிடக்க முடிகிறது, கடைசிக் குஞ்சுவரை தாய் காத்திருக்கவும் முடிகிறது.

எழுந்து வந்ததும் தாய்க்கும் குஞ்சுக்கும் குஞ்சுத் தீவனம். முட்டைக்கோழித் தீவனம் குஞ்சு வாயில் படக் கூடாது, அதில் ஓட்டுக்காகச் சேர்த்திருக்கும் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் குஞ்சுத் தீவனம் தின்றால் ஒன்றும் ஆகாது, அவள் இப்போது முட்டையிடவில்லையே. தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், உள்ளே கூழாங்கல் போட்டு வையுங்கள். விழுந்து நனைந்த குஞ்சு பிழைப்பது கஷ்டம்.

மற்ற கோழிகள் விஷயம் உங்கள் ஏற்பாட்டைப் பொறுத்தது. சின்னக் கூண்டை முற்றத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள். மூன்று வாரமும் வலை வழியாக எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கூட்டத்தில் அவள் இடம் போகாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அடை வைத்துவிட்டுக் குஞ்சோடு திடீரென்று கொண்டுவந்து விட்டால் அவளைப் புதுக் கோழியாக நினைத்துச் சண்டைக்கு வரும், அந்த ரகளையில் குஞ்சு மிதிபடும். குஞ்சு பொரித்து ஒரு வாரம் கழித்து, மாலையில் கொஞ்ச நேரம், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கூண்டைத் திறந்து விடுங்கள். கறுப்பி கொத்துகிறவள்தானே? அப்படியானால் கவலை குறைவு. சேவலே ஒதுங்கிப் போகும். ஐந்தாறு வாரத்துக்கு மேல் ஒரு நாள் அவளே குஞ்சுகளை விரட்ட ஆரம்பிப்பாள், மறுபடியும் முட்டைக்குத் தயாராகிறாள் என்று அர்த்தம். அப்போது குஞ்சுகளுக்கு மட்டும் நுழைய முடிகிற ஒரு தீனி மூலை இருந்தால் பெரியவை தொந்தரவு இல்லாமல் தின்னும்.


உளியும் முழக்கோலும்:

அக்கா சொன்னதோடு ஒன்று. முற்றத்து வலையின் கண் எத்தனை அங்குலம்? ஒன்றுக்கு மேல் இருந்தால் முதல் ரெண்டு வாரம் குஞ்சு அதன் வழியாக வெளியே போய்விடும், தாயால் பின்னால் போக முடியாது. அந்தப் பக்கம் பூனையோ காக்கையோ காத்திருக்கும். சுற்றிலும் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குப் பலகையோ பழைய தகரமோ வையுங்கள். ஆணி அடிக்க வேண்டாம், கம்பியால் கட்டினால் போதும், குஞ்சு வளர்ந்ததும் கழற்றிவிடலாம். தகரமாக இருந்தால் மேல் விளிம்பை மடக்கித் தட்டிவிடுங்கள், கோழி எகிறும்போது கால் அறுபடும்.